கீறல் விழுந்த இடம்

செந்தூல் இரவுச் சந்தையில் வாங்கியது,
மூன்று படம் பத்து ரிங்கிட்.
இரண்டு அன்றைக்கே ஓடவில்லை.
மூன்றாவது
இருபத்தோரு வருடமாக ஓடுகிறது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
துறைமுகத்தில் கணக்கெழுதும் தம்பி
அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறான்.
"போடா வெண்ணெ" என்று அண்ணன் கத்தும்போது
கீழே மலாய் எழுத்தில் மெந்தேகா என்று ஓடும்.
அந்த இடத்துக்காகவே எத்தனை தடவை பின்னால் ஓட்டியிருப்போம்.
ஏழு வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறான் தம்பி,
கையில் பிளாஸ்டிக் பை, அதில் ஆரஞ்சு.
அண்ணன் திறக்கிறான்.
ஏதோ சொல்ல வாயெடுக்கிறான்.
அங்கேதான் கீறல்.

முகம் கட்டம் கட்டமாக உடையும்.
மூக்கு ஒரு பக்கம், நிலைப்படி ஒரு பக்கம்.
பெட்டி விக்கலெடுத்து, இழுத்து, முனகி,
சட்டென்று அடுத்த காட்சிக்குத் தாவும்:
ஒரே மேசையில் இருவரும்
மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் நான்கு நிமிடம் இல்லை.
சட்டைத் துணியால் துடைத்தோம்.
யாரோ சொன்னார்கள் என்று பற்பசை பூசினோம்.
படம் புதினா மணத்தது, அவ்வளவுதான்.

அதனால் அந்த நான்கு நிமிடத்தை
நானும் தவனேசனுமே எழுதிக்கொண்டோம்.
பள்ளிக்கூட வயதில் அவன் கட்சி: ஓர் அறை விழுந்திருக்கும்.
என் கட்சி: காலில் விழுந்திருப்பான்.
தொழிற்சாலையில் என்னை ஆட்குறைப்பு செய்த வருடம்
மாற்றிக்கொண்டேன்: யாரும் எதுவும் கேட்கவில்லை,
இன்னொரு தட்டு எடுத்து வைத்தார்கள்.
மனைவி பிரிந்து போன வருடம் அவன் சொன்னான்,
"நாய்தான் அவன முதல்ல அடையாளம் கண்டுக்கிட்டிருக்கும்."
நாய் எங்கடா படத்தில் என்றேன்.
"இருக்கும் லா. அந்த நாலு நிமிஷத்துல."

ஓட்டை விழுந்த கதைகளுக்குப் பழகிய வீடு எங்களுடையது.
எட்டரை மணித் தொடர் ஒன்று, நூற்றிருபது பகுதி.
வானம் இருட்டினாலே டிஷ் கைவிரித்துவிடும்,
திரையில் நீலக் கட்டம்: சேவை தடைபட்டுள்ளது.
கொலை நடந்த இரவும் அப்படித்தான்.
கொன்றது யாரென்று
கோலாலம்பூர் மழை மட்டுமே பார்த்தது.
மறுஒளிபரப்பு மதியம் மூன்று மணிக்கு.
அதுவும் மழை நேரம்.

போன டிசம்பரில் படம் கைப்பேசிக்கு வந்துவிட்டது,
கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி.
அண்ணன் சட்டை சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன். நீலம்.
ஆரஞ்சுகளை எண்ண முடிந்தது. ஐந்து.
பதினோராவது மாடி. கீழே கடைசி எல்ஆர்டி போகிறது,
கிண்ணத்தில் மேகி ஊறி உப்புகிறது.
கதவு. அண்ணன். வாயெடுக்கிறான்.

பாட்டு.

எங்கோ குளிர்நாட்டுப் புல்வெளி.
அண்ணனும் அண்ணியும் பச்சை உடையில்,
பின்னால் பதினாறு பேர்.
அறை இல்லை, காலில் விழவில்லை, தட்டு இல்லை.
பாட்டு முடிந்ததும் நேராக மீன் முள்.
என்ன பேசியிருப்பார்கள் என்று
படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை போல.

கோபம் வந்தது. பிறகு சிரித்தேன்,
பக்கத்து வீடு தூங்குகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு.

தவனேசன் இப்போது ஜோகூரில்.
விடியற்காலை நாலரைக்குப் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை.
ஒரு காசு விஷயம்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
அனுப்பினேன்: "நாலு நிமிஷமும் பாட்டுடா."
இரண்டு நீலக் கோடு.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
"நாய் இருந்துச்சா?"

மறுபடி ஓட்டினேன்.
மூன்றாம் முறை, புல்வெளியின் ஓரத்தில்,
ஆடுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல்
பழுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே ஓடியது.
கன்றுக்குட்டியாகக்கூட இருக்கலாம்.

இருந்துச்சு என்று அனுப்பினேன்.